ஜுச்சுவே-3 கடைசி எரிப்பில் ஏன் தோற்றது? சீனத் தனியார் ராக்கெட்டுகளின் செங்குத்துத் தரையிறக்கம் பற்றிய இழை

வான்தடம்

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். 2025 டிசம்பர் 3 அன்று சீனத் தனியார் நிறுவனமான லேண்ட்ஸ்பேஸின் ஜுச்சுவே-3 ராக்கெட், வடமேற்குச் சீனாவின் ஜியூச்சுவானை ஒட்டிய ஏவுதளத்திலிருந்து கிளம்பியது. இரண்டாம் கட்டம் முதல் பயணத்திலேயே சுற்றுப்பாதையை அடைந்தது. முதல் கட்டம் பிரிந்து திரும்பியது, வளிமண்டலத்தில் நுழைவதற்கான எரிப்பை முடித்தது, கிரிட் துடுப்புகளால் (வலைபோல் துளையிட்ட திசைதிருப்பும் தகடுகள்) வழியைத் திருத்திக்கொண்டே வந்தது. ஏறத்தாழ 390 கிலோமீட்டர் தள்ளி, கான்சு மாகாணத்தின் மின்ச்சின் பகுதியில் கட்டியிருந்த இறங்குகளத்துக்கு நேர் மேலே வந்துசேர்ந்தது. தரையிறங்கும் எரிப்பு தொடங்கியதும் எரிதல் இயல்பு மாறிப்போனது. கட்டம் தீப்பிடித்தபடி களத்தின் ஓரத்தில் விழுந்து உடைந்தது.

சுற்றுப்பாதை ராக்கெட் ஒன்றின் முதல் கட்டத்தை இறக்கிப் பார்க்கச் சீனாவில் நடந்த முதல் முயற்சி இது. அதைச் செய்தது ஒரு தனியார் நிறுவனம். களத்தின் ஓரத்தில் விழுந்தது என்பதைச் செய்திகள் தோல்விக் கணக்கில் எழுதின. எனக்கு அதுதான் பெரிய வெற்றியாகப் படுகிறது. 390 கிலோமீட்டர் பறந்து வந்த ஒரு பெரிய உருளை, எஞ்சின் ஒத்துழைக்காத நிலையிலும் களத்தின் விளிம்பில் விழுகிறது என்றால் வழிகாட்டலும் துடுப்புகளும் தங்கள் வேலையைச் செய்திருக்கின்றன. மிச்சமிருப்பது எஞ்சினும் அதற்கு எரிபொருள் போகும் பாதையும். அதைப் பற்றித் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

இளவேனில்

எனக்கு ஒரு இடம் புரியவில்லை. 2024 செப்டம்பர் 11 அன்று லேண்ட்ஸ்பேஸ் 10 கிலோமீட்டர் உயரத்துக்கு ஒரு சோதனைக் கலத்தை அனுப்பிப் பத்திரமாக இறக்கியது. அதிலும் எஞ்சினை நடுவானில் அணைத்து மறுபடி பற்றவைத்தார்கள். அதே டிக்யூ-12 குடும்பத்து எஞ்சின், அதே மீத்தேன், அதே நிறுவனம். அங்கே ஒழுங்காகப் பற்றியது இங்கே ஏன் பற்றவில்லை? வெறும் துரதிருஷ்டமா?

கணக்குப்பிள்ளை

துரதிருஷ்டம் இல்லை இளவேனில். இரண்டையும் எண்களில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும்.

அந்தச் சோதனைக் கலம் 18.3 மீட்டர் உயரம், 3.35 மீட்டர் விட்டம், கிளம்பும்போது 68 டன், ஒரே ஒரு எஞ்சின். 113 விநாடி எரித்தபின் அணைத்தார்கள். 10,002 மீட்டர் வரை ஏறி, திரும்ப விழுந்து, 4,640 மீட்டரில் மறுபடி பற்றவைத்தார்கள். இடையில் எஞ்சின் அணைந்திருந்தது 40 விநாடிதான். உச்சியிலிருந்து அந்த உயரம்வரை 5,360 மீட்டர் விழுந்தால், காற்றின் இழுவையை மறந்துவிட்டால்கூட வேகம் விநாடிக்கு 324 மீட்டர். இழுவையைக் கழித்தால் இன்னும் குறையும்.

இப்போது சுற்றுப்பாதை ராக்கெட்டின் முதல் கட்டத்தைப் பாருங்கள். ஸ்பேஸ்எக்ஸின் ஃபால்கன்-9ஐ அளவுகோலாக எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதன் எண்களை நேரலையிலேயே பார்க்கலாம். கடலில் இறங்கும் பயணங்களில் பிரியும்போது வேகம் விநாடிக்கு 2,200 மீட்டர் அளவில் இருக்கும். இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்றபடி போகிறது. 2,200ஐ 324ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 46. ஒவ்வொரு கிலோவுக்கும் 46 மடங்கு ஆற்றலை எங்கேயாவது கொட்டியாக வேண்டும். அதில் பெரும்பகுதியைக் காற்று வாங்கிக்கொள்கிறது, வெப்பமாக, எஞ்சின்கள் இருக்கும் அடிப்பக்கத்தின் மீதே.

நேரம் அடுத்த விஷயம். பிரிந்ததிலிருந்து நுழைவு எரிப்புவரை 4 நிமிடம் போல எடையற்ற நிலை. 40 விநாடியில் டேங்குக்குள் நடப்பதும் 4 நிமிடத்தில் நடப்பதும் ஒன்றல்ல. அதை உலைக்களம் அண்ணா எழுதட்டும், அவர் துறை அது.

உலைக்களம்

எழுதுகிறேன். நிறுவனம் சொன்ன காரணம் "எரிதல் இயல்பு மாறியது" என்ற அளவில்தான் இருக்கிறது. அதனால் கீழே எழுதுவது பொதுவாக இந்த இடத்தில் எவையெல்லாம் கெடும் என்பது. ஜுச்சுவே-3இல் இன்னதுதான் கெட்டது என்று நான் சொல்லவில்லை.

பிரிந்தவுடன் டேங்கில் மிச்சம் இருப்பது சிறு பங்கு. குளிர்ந்த நைட்ரஜனைப் பீய்ச்சிக் கட்டத்தைத் தலைகீழாகத் திருப்பும்போது அந்தத் திரவம் சுழற்சியால் டேங்கின் இரு முனைகளுக்கும் ஓடும். எடையற்ற நிலையில் சுவரில் ஒட்டும், குமிழிகளாக மிதக்கும். நுழைவு எரிப்புக்கு முன் அதையெல்லாம் அடிப்பக்கம் கொண்டுவர வேண்டும். நைட்ரஜன் உந்திகளால் சில விநாடி மெல்லத் தள்ளுவது வழக்கம். வளிமண்டலத்துக்குள் வந்தபின் காற்றின் இழுவையே கட்டத்தின் வேகத்தைக் குறைப்பதால் திரவம் தானாக எஞ்சின் பக்கம் படியும். இது நல்லது. ஆனால் துடுப்புகள் கட்டத்தைச் சாய்த்துச் சாய்த்து வழி திருத்தும்போது அதே திரவம் பக்கவாட்டில் அலைமோதும். உள்ளே தடுப்புத் தட்டுகள் போதாவிட்டால், வடிகால் வாயில் சுழல் உண்டாகி வாயு உள்ளே இழுபடும்.

அலைமோதலில் இன்னொரு கெடுதல் உண்டு, பலரும் கவனிக்காதது. டேங்கின் மேற்பகுதியில் அழுத்தம் கொடுக்கும் வாயு சூடாக இருக்கும். குளிர்ந்த திரவம் அதில் தெறித்தால் வாயு சட்டென்று குளிர்ந்து அழுத்தம் விழும், எரிபொருளின் ஆவியையே அழுத்த வாயுவாகப் பயன்படுத்தினால் இன்னும் மோசம். எரிபொருளை எஞ்சினுக்குள் அழுத்தித் தள்ளும் டர்போபம்ப்பின் வாயிலில் திரவம் கொதிநிலையை ஒட்டி வந்தால் பம்ப்பின் இதழ்களில் குமிழிகள் உண்டாகும், ஓட்டம் தடுமாறும்.

இப்போது பற்றவைக்கும் நொடிக்கு வாருங்கள். மீத்தேன் குழாயில் கொஞ்சம் வாயு புகுந்துவிட்டால் அந்த நொடியில் எரிபொருள் குறைந்து ஆக்சிஜன் மிகுந்துவிடும். ஆக்சிஜன் மிகுந்த சூடான வாயு பட்டால் உலோகமே எரியும். பம்ப்பைச் சுழற்றும் டர்பைனுக்குச் சூடான வாயு தரும் எரிவாயு உற்பத்திக் கலனில் இது நடந்தால் டர்பைன் இதழ்கள் சில நூறு மில்லிவிநாடியில் போய்விடும். மாறாக, வால்வு முந்திப் பிந்தித் திறந்து இரண்டு திரவமும் அறைக்குள் தேங்கியபின் பொறி பட்டால் வெடிப்பாகவே தொடங்கும். மூன்றாவதாக, நுழைவின்போது அடிப்பக்க வெப்பக்கவசம் கிழிந்து ஏதாவது குழாயோ மின்கம்பியோ கருகியிருந்தால் கசிவு எஞ்சினுக்கு வெளியே எரியும். வெளிவந்த காணொளிகளில் தெரியும் தீ எஞ்சினுக்குள்ளே தொடங்கியதா வெளியே தொடங்கியதா என்று படத்தை வைத்து மட்டும் பிரிக்க முடியாது.

ஸ்பேஸ்எக்ஸின் ஸ்டார்ஷிப் சோதனைகளிலும் இதே இடத்தில்தான் அடி வாங்கினார்கள். எஸ்என்8 என்ற சோதனைக் கலம் சிறு மீத்தேன் டேங்கில் அழுத்தம் குறைந்து விழுந்தது. அதற்கு ஹீலியம் கொடுத்துப் பார்த்தார்கள். எஸ்என்10இல் அந்த ஹீலியமே எஞ்சினுக்குள் போய் உந்துவிசை குறைந்ததாக மஸ்க் சொன்னார். ஒன்றைத் திருத்தப் போய் அந்தத் திருத்தமே அடுத்த கோளாறாக வந்து நின்றது.

என் கருத்தை வெளிப்படையாகவே சொல்கிறேன்: சோதனைக் கலத்தைக் கொஞ்ச உயரம் ஏற்றி அங்கேயே இறக்கும் தாவல் சோதனைகளுக்குச் சீன நிறுவனங்கள் செலவிட்ட காலம் அதிகம். அவை காட்டியது நிலைப்படுத்தும் மென்பொருளை. இங்கே எழுதிய எதையும் அவை சோதிக்கவே இல்லை.

கீழ்த்திசை

அண்ணா, கடைசிப் பத்தியில் மட்டும் உடன்பாடு இல்லை. யார் எப்போது என்ன செய்தார்கள் என்று வரிசையாகப் பார்த்தால் அது நியாயமாக இராது.

2014இல் சீன அரசவை வெளியிட்ட 60ஆம் எண் ஆவணம்தான் விண்வெளித் துறையில் தனியார் முதலுக்குக் கதவு திறந்தது. அதற்கு முன் தனியாருக்கு ராக்கெட் எஞ்சினும் இல்லை, இறக்கிப் பழகிய ஆளும் இல்லை. லிங்க்ஸ்பேஸ் என்ற தனியார் நிறுவனம் 2019இல் ஆர்எல்வி-டி5 என்ற 8.1 மீட்டர், 1.5 டன் கலத்தை மார்ச்சில் 20 மீட்டர், ஏப்ரலில் 40 மீட்டர், ஆகஸ்ட் 10 அன்று 300 மீட்டர் என்று ஏற்றி இறக்கியது. ஐந்து சிறு எஞ்சின்கள். இன்று சிறிதாகத் தெரியலாம். எஞ்சின் வேகமாகக் கட்டளையைப் பின்பற்றுமா, உயரமானி புழுதியில் குழம்புமா, காலில் எவ்வளவு அடி விழும் என்ற மூன்று கேள்விக்கும் அங்கேதான் முதல் விடை கிடைத்தது.

டீப் ப்ளூ ஏரோஸ்பேஸ் 2021 ஜூலையில் 10 மீட்டர், அக்டோபரில் 100 மீட்டர், 2022 மே 6 அன்று 1 கிலோமீட்டர் என்று போனது. பெய்ஜிங்கின் ஐஸ்பேஸ் (ஜப்பானில் அதே பெயரில் இருக்கும் நிலவு நிறுவனம் வேறு) 2023 நவம்பர் 2 அன்று ஹைபர்போலா-2ஒய் கலத்தை 178 மீட்டர் ஏற்றி இறக்கியது. தரை தொட்ட வேகம் விநாடிக்கு 0.025 மீட்டர். டிசம்பர் 10 அன்று அதே கலத்தை மறுபடி 343 மீட்டருக்கு அனுப்பி, 50 மீட்டர் பக்கவாட்டில் நகர்த்தி இறக்கியது. ஒருமுறை பறந்த மீத்தேன் எஞ்சினை 38 நாளில் மறுபடி ஏற்றியது தாவல் சோதனை இல்லாமல் எப்படி வந்திருக்கும்? லேண்ட்ஸ்பேஸ் 2024 ஜனவரி 19 அன்று 350 மீட்டர், 60 விநாடி, குறியிலிருந்து 2.4 மீட்டர் விலகல், தரை தொட்ட வேகம் விநாடிக்கு 0.75 மீட்டர்.

வழிகாட்டல் டிசம்பர் 3 அன்று சரியாக வேலை செய்தது என்று வான்தடம் மேலே எழுதியிருக்கிறார். அது எங்கே பழகியது? இந்தத் தாவல்களில்தான்.

உலைக்களம்

ஏற்கிறேன், வீண் என்ற பொருளில் எழுதியது தவறு. டீப் ப்ளூவின் அடுத்த சோதனையே உங்கள் பக்கம் சாட்சி சொல்கிறது. 2024 செப்டம்பர் 22, உள்மங்கோலியாவின் எஜின் பகுதி, அவர்களுடைய நெபுலா-1 ராக்கெட்டின் முதல் கட்டம். 179 விநாடி பறந்தது. 11 சோதனை இலக்குகளில் 10 நிறைவேறின. கடைசியில் எஞ்சின், திட்டமிட்டதைவிடத் தரைக்கு அதிக உயரத்தில் அணைந்து, கட்டம் விழுந்து சேதமானது. உந்துவிசையை மாற்றும் பொறி கட்டளையைச் சரியாகப் பின்பற்றவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். ட்ரோன் எடுத்த படத்தை மறைக்காமல் வெளியிட்டார்கள், அந்த நேர்மையை மதிக்கிறேன்.

ஃபால்கன்-9 2015 ஏப்ரலில் கடல்மேடையில் சாய்ந்ததும் இதே இனத்துக் கோளாறு. உந்துவிசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் வால்வு உராய்வால் ஒட்டிக்கொண்டு பிந்தி அசைந்தது. கணினி "குறை" என்கிறது, வால்வு அரை விநாடி கழித்துக் குறைக்கிறது, அதற்குள் கணினி "கூட்டு" என்கிறது. இந்தப் பின்னடைவு ஊசலாட்டமாகப் பெருகும். வால்வைத் தரையில் அறை வெப்பத்தில் நூறு முறை அசைத்துப் பார்த்தால் போதாது. மைனஸ் 180 டிகிரியில், அழுத்தத்தோடு, அதிர்வோடு பார்க்க வேண்டும்.

விழும் உயரத்துக்கு ஒரு கணக்கு: 1 மீட்டர் மேலே அணைந்தால் தரையில் விநாடிக்கு 4.4 மீட்டர். 3 மீட்டர் என்றால் 7.7. 5 மீட்டர் என்றால் 9.9. காலுக்குள் இருக்கும் நொறுங்கும் தேன்கூட்டு அலுமினியம் வாங்கக்கூடியது இரண்டு மூன்று மீட்டர் வேகத்தின் அடியை. அதற்கு மேல் போனால் கால் மடங்கும், எஞ்சின் மணி (சுவாலை வெளியேறும் மணிவடிவ வாய்) தரையில் குத்தும்.

இளவேனில்

நன்றி. அப்படியானால் எதற்கு இந்த அவசரம்? தரைக்குச் சற்று மேலே ஹெலிகாப்டர்போல நின்று, நிதானமாக இறங்கலாமே. ஐஸ்பேஸ் கலம் அப்படித்தானே மெல்லத் தொட்டது?

கணக்குப்பிள்ளை

நிற்க முடியாது என்பதுதான் சிக்கல்.

ஜுச்சுவே-3இன் முதல் கட்டத்தில் 9 எஞ்சின்கள், மொத்த உந்துவிசை 750 டன்னுக்கு மேல். ஒன்றுக்கு 83 டன். அதைப் பாதியாகக் குறைக்க முடியும் என்று வைத்துக்கொண்டால் ஒற்றை எஞ்சினின் அடிமட்ட விசை 42 டன். காலியான கட்டம் 35 டன் என்று ஒரு பேச்சுக்கு வையுங்கள் (இது நான் கணக்குக்காக எடுத்த எண்). விசை எடையைவிட 1.2 மடங்கு. அடிமட்டத்திலேயே கட்டம் மேலே போகப் பார்க்கும். ஆகவே வேகம் பூஜ்யமாகும் நொடியும் தரை வரும் நொடியும் ஒன்றாக இருக்க வேண்டும். முந்தினால் மறுபடி மேலே ஏறும், எஞ்சினை அணைத்தால் விழும்.

9 என்ற எண்ணின் காரணமும் இதில் இருக்கிறது. லேண்ட்ஸ்பேஸின் முந்தைய ராக்கெட்டான ஜுச்சுவே-2இன் முதல் கட்டத்தில் 67 டன் எஞ்சின் நான்கு. அதில் ஒன்றை எரித்தாலே கால் பங்கு விசை. காலியான கட்டத்துக்கு அது மிக அதிகம். அந்த ராக்கெட்டை இறக்க யாரும் முயலாததில் வியப்பில்லை. சோதனைக் கலங்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. எடையை விருப்பப்படி வைத்துக்கொண்டு எஞ்சினுக்குப் பொருத்தலாம். விநாடிக்கு 0.025 மீட்டர் என்பது அப்படி வந்த சொகுசு.

தாமதத்தின் விலையையும் பார்ப்போம். எரிப்பு தொடங்கும்போது வேகம் விநாடிக்கு 250 மீட்டர், நிகர வேகக்குறைவு ஒவ்வொரு விநாடிக்கும் 15 மீட்டர்/விநாடி என்றால் நிற்கத் தேவையான தூரம் 250 × 250 ÷ 30 = 2,083 மீட்டர், நேரம் 16.7 விநாடி. எஞ்சின் 0.3 விநாடி பிந்திப் பற்றினால் 75 மீட்டர் போய்விட்டது. மிச்சம் 2,008 மீட்டரில் நிற்க 15.56 வேண்டும். ஈர்ப்பையும் சேர்த்தால் எஞ்சின் 2 சதவீதம் கூடத் தள்ளினால் சரியாகிவிடும். ஆகவே தாமதம் தாங்கக்கூடியது. பற்றாமல் போவதுதான் தாங்கமுடியாதது. 2,000 மீட்டரை 250 மீட்டர் வேகத்தில் கடக்க 8 விநாடிதான். இரண்டாம் முறை பொறி வைத்துப் பார்க்க அவகாசம் இல்லை.

வான்தடம்

மீத்தேனா மண்ணெண்ணெயா, ஸ்டீலா அலுமினியமா என்று தனிமடலில் கேட்டிருந்தார்கள். சுருக்கமாக இங்கேயே.

மண்ணெண்ணெய் அடர்த்தி அதிகம். 100 டன் எரிபொருளும் ஆக்சிஜனும் சேர்த்து மண்ணெண்ணெய்க் கலவைக்கு ஏறத்தாழ 98 கன மீட்டர், மீத்தேன் கலவைக்கு 122. டேங்க் கால் பங்கு பெரிதாகும். ஆனால் மண்ணெண்ணெய் எஞ்சினைக் குளிர்விக்கும் சன்னப் பாதைகளில் கரியாகப் படியும். ஒருமுறை பறந்து எறிவதற்கு அது பொருட்டில்லை, இருபது முறை பறக்க வேண்டுமென்றால் பொருட்டு. லேண்ட்ஸ்பேஸ் மீத்தேனைப் பிடித்துக்கொண்டதற்கு இதுவே காரணம். 2022 டிசம்பரில் ஜுச்சுவே-2 தோற்றது. 2023 ஜூலை 12 அன்று உலகில் சுற்றுப்பாதை தொட்ட முதல் மீத்தேன் ராக்கெட் அதுதான். ஸ்பேஸ்எக்ஸுக்கும் முன்பே. டீப் ப்ளூவும் ஸ்பேஸ் பயனியர் என்ற இன்னொரு தனியார் நிறுவனமும் மண்ணெண்ணெய்ப் பக்கம்.

மீத்தேனில் ஒரு நுட்பம்: அது உறைவது மைனஸ் 182.5 டிகிரியில், ஆக்சிஜன் கொதிப்பது மைனஸ் 183இல். இரு டேங்குக்கும் நடுவே ஒரே தடுப்புச் சுவர் வைத்து, ஆக்சிஜனை இன்னும் குளிரவைத்து நிரப்பினால் மறுபக்கம் மீத்தேன் கட்டியாகத் தொடங்கும். நிரப்பும் வரிசையையும் வெப்பத்தையும் அதற்கேற்ப வைக்க வேண்டும்.

உடலுக்கு ஜுச்சுவே-3இல் நம் வீட்டு எவர்சில்வர் குடும்பம்தான், 4.5 மீட்டர் விட்டம். அலுமினியத்தைவிட மூன்று மடங்கு கனம். ஆனால் கடுங்குளிரில் வலு கூடுகிறது, நுழைவு வெப்பத்தில் அலுமினியம் தளரும் இடத்தில் இது நிற்கிறது, பொருளும் மலிவு. மெல்லிய தகட்டை நெளியாமல் வெல்டிங் செய்வதுதான் கைவேலை.

பாரவண்டி

எல்லோரும் இறங்கும்வரை பேசுகிறீர்கள். இறங்கியபின்?

சீன ரயில்பாதையில் சுரங்கங்களைத் தாண்டிப் போகும் ராக்கெட்டுகளின் விட்டம் பல பத்தாண்டுகளாக 3.35 மீட்டர். லேண்ட்ஸ்பேஸின் சோதனைக் கலமும் அதே விட்டத்தில் இருப்பது தற்செயல் இல்லை. அச்சுகளும் கருவிகளும் அந்த அளவுக்கே கிடைக்கும். 4.5 மீட்டர் உருளை ரயிலில் போகாது. சாலையில், இழுவை வண்டியில்தான் ஜியூச்சுவானுக்குப் போக வேண்டும், மின்ச்சினில் இறங்கினாலும் சாலையில்தான் திரும்ப வேண்டும். பாலங்களின் உயரம், வளைவுகள், மின்கம்பிகள் எல்லாம் முன்பே அளந்திருக்க வேண்டும்.

இறங்கியவுடன் யாரும் கிட்டப் போகக்கூடாது. ஆக்சிஜன் டேங்கின் வென்ட் வால்வு திறந்து மிச்சத்தைக் கொதிக்க விட வேண்டும். மீத்தேன் சூடான நிலையில் மேலே போய்விடும், ஆனால் அப்போதே ஆவியான குளிர்ந்த மீத்தேன் காற்றைவிடக் கனமானது, தரையோடு படர்ந்து பள்ளத்தில் தேங்கும். ஆகவே வாயு உணரிகளை முழங்கால் உயரத்துக்குக் கீழே வைக்க வேண்டும். பிறகு இரண்டு டேங்கையும் குழாய்களையும் நைட்ரஜனால் ஊதித் துடைக்க வேண்டும். பல நூறு பார் அழுத்தத்தில் இருக்கும் வாயுக் குடுவைகளைக் காலிசெய்ய வேண்டும். பிரித்தெறியும் வெடிக்கருவிகள் மிச்சம் இருந்தால் மின்னிணைப்பைத் துண்டிக்க வேண்டும். கால்களின் பூட்டு நான்கும் விழுந்திருக்கிறதா என்று தொலைவிலிருந்தே பார்க்க வேண்டும். 2016 ஜனவரியில் ஒரு ஃபால்கன்-9 மெதுவாகத்தான் தொட்டது. ஒரு காலின் பூட்டு விழாததால் சாய்ந்து வெடித்தது.

அதன்பின் கிரேனில் மேல்முனையைப் பிடித்து, கால்களை மடக்கி, படுக்கவைத்து ஏற்றுவது. பட்டறையில் முதலில் பார்ப்பது டர்பைன் இதழ்களையும் எரிபொருள் தூவும் தட்டையும், சன்னக் கேமரா நுழைத்து. டிக்யூ-12 எரிவாயுக் கலன் வைத்த திறந்த சுழற்சி, அதாவது டர்பைனைச் சுழற்றிய வாயு தனிக் குழாயில் வெளியே போய்விடும். மீத்தேனிலும் அந்தக் கலனில் எரிபொருள் மிகுந்து எரிவதால் கரி கொஞ்சம் உண்டு. இருபது முறை பயன்பாடு என்பது வடிவமைப்பு இலக்கு. முதல் கட்டத்தைப் பிரித்துப் பார்க்கும் வரை அது காகிதத்தில்தான் இருக்கும்.

கீழ்த்திசை

பாரவண்டி சொன்ன நிலவழித் தொல்லைதான் சிலரைக் கடலுக்குத் தள்ளியது. ஸ்பேஸ் எபோக் என்ற தனியார் நிறுவனம் 2025 மே 29 அன்று ஷாண்டோங்கின் ஹையாங் கடலோரத்திலிருந்து யுவான்ஷிங்ஜே-1 என்ற ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல் கலத்தை 2.5 கிலோமீட்டர் ஏற்றி, 125 விநாடியில் கடல்நீர்மேல் மெல்ல இறக்கியது. கால் வேண்டாம், களம் வேண்டாம். ஆனால் உப்புநீர் பட்ட எஞ்சினை மறுபடி பறக்கவைக்கும் செலவு என்ன என்பதை அவர்கள் இனிமேல்தான் காட்ட வேண்டும். எனக்கு அந்த வழியில் நம்பிக்கை குறைவு.

அந்தக் கலத்தின் எஞ்சின் லோங்யுன்-70, ஜியூஜோ யுன்ஜியான் என்ற தனியார் நிறுவனம் செய்தது. அதே நிறுவனத்தின் எஞ்சின்கள்தான் அரசின் லாங் மார்ச்-12ஏயிலும். அது 2025 டிசம்பர் 23 அன்று கிளம்பி, சுற்றுப்பாதை தொட்டு, முதல் கட்டத்தை இழந்தது. ஜுச்சுவே-3க்கு இருபதே நாள் பின்னால், அதே வகை முடிவு. அரசு, தனியார் என்ற கோடு எஞ்சின் அறைக்குள் போனால் மங்கிவிடுகிறது.

பற்றவைப்பு பற்றியே பேசுகிறோம், பிடித்துவைப்பதும் எளிதில்லை. 2024 ஜூன் 30 அன்று ஹெனான் மாகாணத்தின் கோங்யியில் ஸ்பேஸ் பயனியரின் தியான்லாங்-3 முதல் கட்டம், நிறுத்திவைத்து எரித்துப் பார்க்கும் சோதனையில், தாங்கியோடு இணைந்த கட்டமைப்பு முறிந்து தானே மேலே கிளம்பியது. 9 எஞ்சின், 820 டன். கணினி எஞ்சின்களை அணைத்தது, 1.5 கிலோமீட்டர் தள்ளி மலையில் விழுந்து எரிந்தது. மேலே இரண்டாம் கட்டத்தின் எடை இல்லை, எரிபொருளும் நொடிக்கு நொடி குறைகிறது. ஆகவே பிடிமானத்தின் மேல் விழும் இழுப்பு சோதனை நீள நீளக் கூடும். ஊருக்கு அருகில் இப்படிச் சோதிப்பதை யாரும் நியாயப்படுத்த முடியாது. லேண்ட்ஸ்பேஸ் 2025 ஜூன் 20 அன்று தன் 9 எஞ்சின்களையும் 45 விநாடி எரித்தது ஜியூச்சுவான் பாலைவனத்தில்.

இத்தனை நிறுவனங்கள் ஏன் ஒரே நேரத்தில் ஓடுகின்றன என்பதற்கும் ஒரு வரி: சீனா திட்டமிடும் இரு இணையச் செயற்கைக்கோள் தொகுப்புகள், குவோவாங் 13,000 செயற்கைக்கோள், சியான்ஃபான் 15,000. எறியும் ராக்கெட்டுகளால் இதை முடிக்கவே முடியாது. ஜுச்சுவே-3இன் பெரிய வடிவத்துக்குச் சொல்லப்பட்ட கணக்கில், கட்டத்தை எறிந்தால் 21.3 டன், தொலைவில் இறக்கினால் 18.3 டன், ஏவிய இடத்துக்கே திருப்பினால் 12.5 டன். மின்ச்சின்வரை சாலை போட்டாவது தொலைவில் இறக்குவது ஏன் என்பது இந்த மூன்று எண்ணிலேயே இருக்கிறது.

இளவேனில்

அடுத்த முயற்சியின் நேரலையில் எதைக் கவனிக்க வேண்டும் என்று யாராவது சொல்லுங்களேன். என்னைப் போன்றவர்களுக்குத் தீயும் புகையும் மட்டுமே தெரிகிறது.

உலைக்களம்

நான்கு இடம்.

கட்டம் திரும்பும்போது சுழற்சி எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்று பாருங்கள். நைட்ரஜன் பீய்ச்சல் ஓயாமல் வந்துகொண்டே இருந்தால் உள்ளே திரவம் அடங்கவில்லை என்று பொருள்.

நுழைவு எரிப்பு முடிந்ததும் அடிப்பக்கத்தில் தீ தொடர்ந்து நக்கிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். ஓரிரு விநாடி மிச்சம் எரிவது இயல்பு. அணையாமல் நின்றால் கசிவு.

ஒலிவேகத்தை ஒட்டி வரும்போது கிரிட் துடுப்புகளின் துளைகளுக்குள் அதிர்ச்சியலை அடைத்துக்கொண்டு பிடி குறையும். அப்போது கட்டம் லேசாகத் தடுமாறினால் பயப்பட வேண்டாம், ஒலிவேகத்துக்குக் கீழே வந்ததும் பிடி திரும்பும்.

தரையிறங்கும் எரிப்பில் முதல் அரை விநாடியைப் பாருங்கள், முடிந்தால் காட்சியை மெதுவாக ஓட்டுங்கள். மீத்தேன் சுவாலை நீலம் கலந்து, எஞ்சின் மணியிலிருந்து நேராக, விளிம்பு கூர்மையாக வர வேண்டும். திறந்த சுழற்சி என்பதால் பக்கத்துக் குழாயிலிருந்து கொஞ்சம் மங்கிய ஆரஞ்சு வாலும் வரும், அது இருக்க வேண்டியதே. பச்சை மின்னல் தெரிந்தால் உள்ளே செம்பு எரிகிறது. மணிக்கு மேலே, எஞ்சினுக்கும் டேங்குக்கும் நடுவே ஆரஞ்சு தெரிந்தால் தீ வெளியே இருக்கிறது. அதன்பின் கால் விரிவதைப் பார்க்கும் வாய்ப்பு குறைவு.